ரிப்பேரா, புதுசா? பௌர்ணமி நேரத்தில் கிரைண்டர் நின்றுபோனால் போடவேண்டிய கணக்கு!

பௌர்ணமிக்கு இன்னும் இரண்டே நாள். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலையில் ஒரு வீடு. பௌர்ணமிதோறும் வாசலில் இட்லிக்கடை போடும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 14 கிலோமீட்டர் சுற்றில் ஏறக்குறைய பாதியைக் கடந்து, கால் கடுக்க வருகிறவர்களுக்குச் சூடாக நாலு இட்லி. அந்த ஒரு ராத்திரி வியாபாரத்தில்தான் அந்த மாதத்து கேஸ் சிலிண்டரும் பிள்ளையின் ஸ்கூல் வேன் காசும் இருக்கின்றன.

அரிசி ஊறிவிட்டது. உளுந்தும் ஊறிவிட்டது. கிரைண்டர் சுவிட்சைப் போட்டால் 'உம்ம்...' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. டிரம் அசையவில்லை.

"பேசாம புதுசு வாங்கிடலாம்மா, இ.எம்.ஐ போட்டுக்கலாம்" என்பான் மகன். "கல்லு நல்லாத்தானே இருக்கு, எதுக்குடா தூக்கிப் போடணும்?" என்பார் பாட்டி. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நடக்கிற பேச்சுதான் இது. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், இரண்டு பேருமே கணக்குப் போடவில்லை.

அம்மி கொத்தியவர்களின் ஊர்

ரிப்பேர் என்பது தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதிதல்ல. அம்மியும் ஆட்டுக்கல்லும் தேய்ந்தால் கொத்திக்கொடுக்க உளியோடு ஒருவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச ஒருவர், குடைக் கம்பி மாற்ற ஒருவர், குடத்து ஓட்டையை அடைக்க ஒருவர் என வாசலுக்கே வந்தார்கள். 'ஓட்டையாகிவிட்டது, வேறு வாங்குவோம்' என்ற பேச்சே அப்போது கிடையாது.

இந்திய மிக்சியின் கதையே ஒரு ரிப்பேர் பிரச்னையில் தொடங்கியதுதான். மாதுரி மாத்தூர் என்ற இல்லத்தரசி வைத்திருந்த ஜெர்மன் மிக்சி நம் ஊர்ச் சமையலின் பாரம் தாங்காமல் நின்றுபோனது. அதைச் சரிசெய்து தர இந்தியாவில் சர்வீஸ் வசதி இல்லை. அவருடைய கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் ஒரு இன்ஜினீயர். இட்லி மாவையும் மஞ்சளையும் அரைக்கிற அளவுக்கு வலுவான மோட்டாரோடு ஒரு மிக்சியை அவரே உருவாக்கினார். 1963-ல் அதற்காக ஒரு கம்பெனியும் தொடங்கினார். அதுதான் நம் அம்மாக்களும் பாட்டிகளும் வருடக்கணக்கில் பேர் சொல்லிக் கொண்டாடிய 'சுமீத்'. ரிப்பேர் செய்ய ஆள் இருந்திருந்தால் அந்த மிக்சி பிறந்திருக்குமா என்பது வேறு கேள்வி!

வெட் கிரைண்டர் நம்ம கோயம்புத்தூர்ச் சரக்கு. 1955-ல் பி.சபாபதி என்பவர் அதை உருவாக்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆட்டுக்கல்லில் குழவியைக் கை சுற்றும். இதில் கல்லை மோட்டார் சுற்றுகிறது. அடிப்படை அவ்வளவுதான்.

பிறகு 2011, செப்டம்பர் 15. அண்ணா பிறந்தநாளன்று, அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிவைத்தார். அதுவரை கிரைண்டரே பார்க்காத எத்தனையோ கிராமத்து வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2006-ல் அன்றைய தி.மு.க அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் வந்திருந்தது. அந்த 14 இன்ச் டிவிகள் பெரும்பாலும் பரணுக்கோ, பழைய இரும்புக் கடைக்கோ போய்விட்டன. கிரைண்டர்கள் அப்படியல்ல. படத்தின் தரம், கேபிள், செட்டாப் பாக்ஸ் என்று டிவியைச் சுற்றியிருந்த உலகம் மாறியது. மாவு மாறவில்லையே!

'உம்ம்' என்றால் என்ன அர்த்தம்?

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் நோய் என்னவென்று ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது. டேபிள் டாப் கிரைண்டருக்குள் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மோட்டார், அது சுற்றத் தொடங்க உதவும் கெபாசிட்டர், மோட்டாரின் சுழற்சியை டிரம்முக்குக் கொண்டுபோகும் பெல்ட், பேரிங், கல். அவ்வளவுதான்.

சத்தம் மட்டும் வந்து மோட்டாரே சுற்றவில்லை என்றால், முதல் சந்தேகம் கெபாசிட்டர் மேல். கிரைண்டர் ரிப்பேரிலேயே மலிவான பாகங்களில் அதுவும் ஒன்று. மோட்டார் சுற்றுகிறது, டிரம் மட்டும் நிற்கிறது அல்லது பாரம் போட்டதும் வழுக்குகிறது என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும். கரகரவென்று இரும்பு உரசும் சத்தம் வந்தால் பேரிங். டிரம்முக்கு நடுவே இருக்கும் வாஷர் தேய்ந்து மாவுத் தண்ணீர் கீழே இறங்கினால் பேரிங் துருப்பிடித்துவிடும். எல்லாம் ஓடுகிறது, ஆனால் அரைக்க முன்பைவிட ரொம்ப நேரம் ஆகிறது என்றால், கல் வழவழப்பாகிவிட்டது என்று பொருள். அதைக் கொத்தினால் போதும். கல்லைக் கொத்த ஆள் கிடைப்பதுதான் இப்போது கஷ்டம்.

கருகல் வாசனை வந்தால் மட்டும் கொஞ்சம் கவலைப்படலாம். வைண்டிங் போயிருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'உம்ம்' என்று நிற்கிற கிரைண்டரை, சுவிட்ச் போட்டபடியே டிரம்மைக் கையால் தள்ளிவிட்டு ஓட வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. விரல் மாட்டும் ஆபத்து ஒருபக்கம். இன்னொரு பக்கம், சுற்றாமல் உறுமிக்கொண்டே நிற்கும் மோட்டார் சூடாகி, வைண்டிங் கருகிவிடும். கெபாசிட்டரோடு முடியவேண்டிய செலவு மோட்டார் செலவாக வளர்வது இப்படித்தான். சத்தம் வந்த நொடியிலேயே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கெபாசிட்டரை நீங்களே கழற்றவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

மிக்சிக்கும் இப்படி ஒரு முதலுதவி உண்டு. அரைத்துக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றால், ஜாரை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, மிக்சியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் சின்னதாக ஒரு பட்டன் இருக்கும். ஓவர்லோடு ஆனால் மோட்டாரைக் காப்பாற்றுவதற்காகத் தானாக வெளியே வந்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச் அது. கொஞ்சம் ஆறவிட்டு அதை அழுத்தினால் மிக்சி மறுபடி ஓடும். இது தெரியாமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிற மிக்சிகள் உண்டு.

மோட்டார் சத்தம் போடுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால், ஜார் உட்காரும் இடத்தில் இருக்கும் கப்ளர் தேய்ந்திருக்கும். தீப்பொறி பறந்தால் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்கவேண்டும். சீலிங் ஃபேன் ஐந்தில் வைத்தாலும் ஆமை வேகத்தில் சுற்றினால், அங்கேயும் பெரும்பாலும் கெபாசிட்டர்தான். இதற்கெல்லாம் புதுசு வாங்கக் கிளம்பவேண்டியதில்லை.

பாதி விலைக் கணக்கு சரியா?

'ரிப்பேர் செலவு புதிய பொருளின் விலையில் பாதியைத் தாண்டினால் புதுசு வாங்கு' என்று ஒரு கணக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், நம் ஊர் கிரைண்டருக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. ரிப்பேர் செய்த பிறகு அந்தப் பொருள் எத்தனை வருடம் ஓடும் என்ற கேள்வியே அந்தக் கணக்கில் இல்லை.

அதைவிட 'வருடக் கணக்கு' மேல். புது கிரைண்டர் 5,000 ரூபாய், 10 வருடம் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 500 ரூபாய். பழையதுக்கு பேரிங், பெல்ட், கெபாசிட்டர் எல்லாம் சேர்த்து மெக்கானிக் 1,200 ரூபாய் சொல்கிறார், அதன்பிறகு மூன்று வருடம் ஓடும் என்றால் வருடத்துக்கு 400 ரூபாய். ரிப்பேர்தான் லாபம். அதுவே மோட்டார் வைண்டிங் போய், 2,000 ரூபாய் கேட்கிறார், இரண்டு வருடம் ஓடினாலே பெரிது என்றால்? வருடத்துக்கு 1,000 ரூபாய். பாதி விலைக் கணக்குப்படி பார்த்தால் இதையும் ரிப்பேர் செய்யவேண்டும்; வருடக் கணக்கு வேண்டாம் என்கிறது. தொகைகள் உங்கள் ஊருக்கும் கடைக்கும் தகுந்தபடி மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

'எத்தனை வருடம் ஓடும்' என்பதை யார் சொல்வது? மெக்கானிக்கிடமே கேட்கலாம். "அண்ணே, உங்க வீட்டு கிரைண்டரா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பல சமயம் உண்மையான பதில் இந்தக் கேள்விக்குத்தான் வரும். வைண்டிங் மாற்றச் சொன்னால் காப்பரா, அலுமினியமா என்று கேளுங்கள். காப்பர் கொஞ்சம் விலை அதிகம், ஆனால் சூட்டைத் தாங்கும். மாற்றிய பழைய பாகத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எத்தனை மாத கியாரன்டி என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். துண்டுச் சீட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

வாரன்டி கார்டின் பொடி எழுத்து

புதுசு வாங்குவதற்கு 'வாரன்டி இருக்கே' என்பது பெரிய காரணம். ஆனால், அடி அண்ணாமலை இட்லிக்கடைக் குடும்பத்துக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு என்று விற்கப்படும் மிக்சி, கிரைண்டர்களின் வாரன்டியில், 'வணிகப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது' என்ற வரி பெரும்பாலும் இருக்கும். மாதம் ஒரு ராத்திரி வாசலில் போடும் கடைக்கு அரைத்தாலும், கம்பெனி நினைத்தால் அதைக் காட்டி மறுக்கலாம். இ.எம்.ஐ கட்டிக்கொண்டே ரிப்பேருக்கும் காசு கொடுக்கும் நிலை வரலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் இதைக் கேட்டுவிடுவது நல்லது. கடைக்கென்றே தினமும் அரைப்பவர்கள் பெரிய டில்டிங் கிரைண்டரை யோசிக்கலாம். அதன் மோட்டார் பாரம் தாங்கும்.

ஃப்ரிட்ஜிலும் இதேபோல் ஒன்று உண்டு. 'கம்ப்ரசருக்கு 10 வருட வாரன்டி' என்று கதவிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அந்த வாரன்டி பெரும்பாலும் கம்ப்ரசர் என்ற பாகத்துக்கு மட்டும்தான். அதை மாற்றும் கூலி, கேஸ் நிரப்பும் செலவு, வண்டி வாடகை எல்லாம் நம் தலையில்தான் விழும். ஏழாவது வருடத்தில் இலவச கம்ப்ரசருக்காகச் சில ஆயிரங்கள் பில் வரும்போதுதான் இது புரியும்.

கரன்ட் பில் சொல்லும் ரகசியம்

'பழைய மெஷின் கரன்ட்டைத் தின்னும்' என்பது புதுசு வாங்கச் சொல்பவர்களின் அடுத்த ஆயுதம். இது பொருளுக்குப் பொருள் மாறும்.

டேபிள் டாப் கிரைண்டர் பெரும்பாலும் 150 வாட் அளவில் ஓடுவது. அரை மணி நேரம் அரைத்தால் முக்கால் யூனிட் என்று நினைத்துவிடாதீர்கள், 0.075 யூனிட்தான். ஆக, கரன்ட்டைச் சொல்லி கிரைண்டரை மாற்றுவதில் அர்த்தமில்லை.

ஃபேன் கதை வேறு. பழைய சீலிங் ஃபேன் ஏறக்குறைய 75 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட், இரண்டு மாத பில்லில் 54 யூனிட். 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி ஃபேனுக்கு அதே இரண்டு மாதத்தில் 22 யூனிட்கூட வராது. ஒரு ஃபேனுக்கே 32 யூனிட் மிச்சம். மோட்டாரே எரிந்துபோன பழைய ஃபேனுக்கு வைண்டிங் செய்வதைவிட, இங்கே புதுசுதான் சரி.

24 மணி நேரமும் ஓடுகிற ஃப்ரிட்ஜுக்கு வருவோம். ராத்திரி 10 மணிக்கு மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, ஃப்ரிட்ஜ் தவிர மற்றதையெல்லாம் அணைத்துவிடுங்கள். காலை 6 மணிக்கு மறுபடி ரீடிங் பாருங்கள். மே மாதம் ஃபேன் இல்லாமல் இதைச் செய்யவேண்டாம். மார்கழி சரியான மாதம். எட்டு மணி நேரத்தில் அரை யூனிட் ஓடியிருந்தால், ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட், வருடத்துக்கு 547 யூனிட். பகலில் கதவைத் திறந்து மூடுவதால் இன்னும் கொஞ்சம் கூடும். கடையில் பார்க்கும் புது ஃப்ரிட்ஜின் ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். அது 220 என்றால், வருடத்துக்கு 327 யூனிட் மிச்சம். இரண்டு மாதத்துக்கு 54 யூனிட்.

ஆனால், தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். உங்கள் வீட்டு மொத்த பில்லே 100 யூனிட்டுக்குள் என்றால், புது ஃப்ரிட்ஜ் வாங்கி மிச்சம் பிடிப்பது ஒரு ரூபாய்கூட இல்லை. அதுவே 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீடு என்றால், அந்த 54 யூனிட் பெரிய விஷயம். 500-ஐத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும். ஆக, இரண்டு வீட்டில் ஒரே ஃப்ரிட்ஜ் இருந்தாலும் முடிவு வேறு வேறாக இருக்கலாம். பக்கத்து வீட்டு அக்கா மாற்றிவிட்டார் என்பதற்காக நீங்களும் மாற்றவேண்டியதில்லை.

ஃப்ரிட்ஜில் கேஸ் நிரப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய மாடல்களில் பலவற்றில் ஆர்-134ஏ, இப்போது வருபவற்றில் பெரும்பாலும் ஆர்-600ஏ. கம்ப்ரசர் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எது என்று இருக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நிரப்பக் கூடாது. ஆர்-600ஏ எளிதில் தீப்பிடிக்கும் வாயு. அதனால் அந்த வேலையை அதற்குப் பயிற்சி பெற்றவரிடம் மட்டும் கொடுங்கள். லீக் எங்கே என்று பார்க்காமல் கேஸ் மட்டும் நிரப்பிவிட்டுப் போகிறவரின் வேலை சில மாதங்களில் மறுபடி நம் வாசலுக்கே வந்து நிற்கும்.

'பார்ட்ஸ் வராதுங்க!'

இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் நல்ல மெஷின்கள் பல பழைய இரும்புக்குப் போகின்றன. இதை மத்திய அரசும் கவனித்திருக்கிறது. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர், உதிரி பாகம், வாரன்டி விவரங்களை ஒரே இடத்தில் பார்க்க உதவுவது அது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதில் உண்டு. ஆனால், பார்ட்ஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டமாக அது இன்னும் ஆகவில்லை. வாரன்டி காலத்திலேயே இழுத்தடித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

'வராது' என்று ஒருவர் சொன்னால், இன்னொருவரிடமும் கேளுங்கள். மிக்சி, கிரைண்டருக்கு பெல்ட், கெபாசிட்டர், பேரிங் எல்லாம் அளவு பார்த்து வாங்கும் பொதுப் பாகங்கள்தான். கம்பெனி பெயர் அவசியமில்லை. பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோனால் கடைக்காரரே எடுத்துக் கொடுப்பார். இந்த வசதி எலெக்ட்ரானிக் போர்டு வைத்த வாஷிங் மெஷினுக்கும் இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜுக்கும் கிடையாது. போர்டு அந்த மாடலுக்கென்றே செய்யப்பட்டது. இந்த விஷயத்தில் பழைய, எளிய மெஷின் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

மாற்றுவது என்றே முடிவானால், எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் பழைய இரும்புக் கடையிலும் ஒரு விலை கேட்டுப் பாருங்கள். மோட்டாருக்குள் இருக்கும் காப்பருக்கு மதிப்பு உண்டு. ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷினை மட்டும் அப்படிக் கொடுக்காமல் இருப்பது நல்லது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, இவை பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போகவேண்டியவை. ஃப்ரிட்ஜைச் சுத்தியலால் உடைத்தால் உள்ளே இருக்கும் கேஸ் காற்றில் கலக்கும்.

கிரைண்டர் கல்லை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதே மாடல் வைத்திருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கல் உடைந்தால் உதவும்.

சரி, பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஊறிவிட்ட அரிசியை என்ன செய்வது? தண்ணீரை மாற்றி, அரிசியையும் உளுந்தையும் தனித்தனிப் பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலை வரை கெடாது. மெக்கானிக் கெபாசிட்டரை மாற்ற அந்த நேரம் போதும். மதியத்துக்குள் அரைத்துவிட்டால், ராத்திரி முழுக்கப் பொங்கி, பௌர்ணமியன்று மாவு தயாராக இருக்கும். அவர் வரவில்லையென்றால், கிலோ கணக்கில் மாவு அரைத்துத் தரும் கடைக்குத் தூக்குவாளியோடு போகலாம். அந்த ஒரு நாள் கூலியையும் மறக்காமல் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.